மனு கொடுக்கலாம், முடிவெடுக்கக் கூடாதா?

2021 ஜனவரி 2. கோவை மாவட்டம் தொண்டாமுத்தூர் தொகுதியில் தேவராயபுரம். சட்டமன்றத் தேர்தலுக்கு இன்னும் சில மாதங்களே இருந்தன. பந்தல் முழுக்கக் கூட்டம், கையில் மைக்கோடு எதிர்க்கட்சித் தலைவர் மு.க.ஸ்டாலின். நிகழ்ச்சியின் பெயர் ‘மக்கள் கிராம சபை’. கூட்டத்திலிருந்து ஒரு பெண் எழுந்து கேள்வி கேட்கிறார். அவர் அதிமுகவைச் சேர்ந்தவர், அமைச்சர் எஸ்.பி.வேலுமணி அனுப்பி வந்திருக்கிறார் என்கிறார் ஸ்டாலின். கட்சிக்காரர்கள் அந்தப் பெண்ணை வெளியே அழைத்துச் செல்கிறார்கள். தள்ளுமுள்ளு, கூச்சல். அன்று மாலைக்குள் அந்தக் காட்சி தமிழகத்தின் எல்லா செல்போன்களிலும் ஓடியது.

அந்தப் பெண் எந்தக் கட்சி என்பதைப் பற்றித்தான் இரண்டு தரப்பும் நாள்கணக்கில் சண்டை போட்டன. அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று கவனிப்பாரின்றிப் போனது. தொண்டாமுத்தூர் அன்றைய உள்ளாட்சித் துறை அமைச்சரான வேலுமணியின் சொந்தத் தொகுதி. சட்டப்படி 2020 அக்டோபர் 2 அன்று மாநிலம் முழுக்கக் கூடியிருக்க வேண்டிய கிராம சபையை, கொரோனாவைக் காரணம் காட்டி ரத்து செய்திருந்தது அதிமுக அரசு. அந்த வெற்றிடத்தில்தான் திமுக தன் கூட்டங்களைத் தொடங்கியது. கிராம சபை என்ற பெயரில் கட்சிகள் கூட்டம் போடக் கூடாது என்று அரசு உத்தரவிட்டதும், முன்னால் ‘மக்கள்’ சேர்த்துக்கொண்டது. உண்மையான சபையை ஆளுங்கட்சி மூடி வைத்திருந்தது. எதிர்க்கட்சி நடத்திய சபையில் கேள்வி கேட்டவருக்கு இடமில்லை. ஊர் மக்களுக்குச் சொந்தமான ஒரு சபை இரண்டுக்கும் நடுவில் காணாமல் போயிருந்தது.

தமிழ்நாட்டுக் கட்சிகள் மக்கள் பங்கேற்பை எப்படிப் பார்க்கின்றன என்று கேட்டால், நான் இந்த ஒரு நாளைத்தான் காட்டுவேன். எதிர்க்கட்சி வரிசையில் இருக்கும்போது அது ஆயுதம். கோட்டைக்குள் போய்விட்டால் தொந்தரவு.

தேர்தலே நடக்காத ஆண்டுகள்

1992-ல் நிறைவேறிய 73, 74-வது அரசியல் சட்டத் திருத்தங்கள் ஊராட்சிகளுக்கும் நகராட்சிகளுக்கும் ஐந்தாண்டுப் பதவிக்காலத்தை உறுதி செய்தன. காலம் முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்தியாக வேண்டும். தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-ல் வந்தது. 1996, 2001, 2006, 2011 என நான்கு தேர்தல்கள் ஒழுங்காகவே நடந்தன. அந்தச் சக்கரம் 2016-ல் நின்றது.

பழங்குடியினர் இடஒதுக்கீடு முறையாகச் செய்யப்படவில்லை என்று திமுக வழக்குப் போட்டது. அந்த அக்டோபரில் தேர்தல் அறிவிப்பை ரத்து செய்தது சென்னை உயர் நீதிமன்றம். குறையைச் சரிசெய்து சில மாதங்களில் தேர்தல் நடத்தியிருக்கலாம். அதிமுக அரசு மூன்று ஆண்டுகளுக்கு மேல் இழுத்தது. வார்டு மறுவரையறை, புதிய மாவட்டங்கள் என்று காரணங்கள் மட்டும் மாறிக்கொண்டிருந்தன. தேர்ந்தெடுக்கப்பட்ட அமைப்புகள் இல்லாததால் ஒன்றிய நிதிக்குழுவின் மானியமும் நிறுத்தி வைக்கப்பட்டது. கடைசியில் உச்ச நீதிமன்றம் தலையிட்டு, 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில் 27 மாவட்டங்களில் மட்டும் ஊரகத் தேர்தல் நடந்தது. விடுபட்ட ஒன்பது மாவட்டங்களுக்கு 2021 அக்டோபர் வரையும், நகரங்களுக்கு 2022 பிப்ரவரி 19 வரையும் காத்திருக்க நேர்ந்தது. சென்னை மாநகராட்சி ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு கவுன்சிலர்கூட இல்லாமல் இயங்கியது.

இந்தத் தாமதத்தை மேடைதோறும் கண்டித்த கட்சி திமுக. அது ஆட்சியில் இருக்கும்போதே, 2019-ல் தேர்வானவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்தது. அதற்கு முன்பே நடந்திருக்க வேண்டிய தேர்தல் நடக்கவில்லை. ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஊராட்சிகளின் பொறுப்பு மறுபடியும் தனி அலுவலர்களிடம் போனது. மறுபடியும் மறுவரையறை, மறுபடியும் இடஒதுக்கீடு. ஐந்தாண்டுக்கு ஒருமுறை வரும் என்று தெரிந்தே இருக்கும் தேர்தலுக்கு நான்காவது ஆண்டிலேயே ஏன் தயாராக முடியவில்லை? இந்தக் கேள்விக்கு இரண்டு கழகங்களிடமும் நேர்மையான பதில் இல்லை.

தனி அலுவலர் ஆட்சி ஊரில் எப்படி உணரப்படும் என்பதை ஒரு சின்னக் கணக்கு சொல்லும். தமிழ்நாட்டில் சுமார் 12,500 கிராம ஊராட்சிகள், 388 ஒன்றியங்கள். சராசரியாக ஓர் ஒன்றியத்துக்கு 32 ஊராட்சிகள். அத்தனைக்கும் தலைவர் இடத்தில் ஒரு வட்டார வளர்ச்சி அலுவலர் (பி.டி.ஓ.) உட்கார்கிறார். தெருவிளக்கு எரியவில்லை என்றால் பிரசிடெண்ட் வீட்டுத் திண்ணையில் போய் நின்று சத்தம் போடலாம். மறுபடி ஓட்டுக் கேட்டு வர வேண்டியவர் அவர். ஒன்றிய அலுவலகத்துக்கோ பஸ் ஏறிப் போக வேண்டும், பி.டி.ஓ. கலெக்டர் ஆபீஸ் மீட்டிங்கில் இருப்பார். மோட்டார் பழுதானால் பஞ்சாயத்து செயலர் மேலே கேட்டுச் சொல்கிறேன் என்பார். அந்த ‘மேலே’ யாருடைய வாக்கையும் நம்பியிருப்பதில்லை.

தலைவர்களின் பதவிக்காலம் முடிந்த அந்த ஜனவரி மாதத்தில்தான், பல ஊராட்சிகளை அருகிலுள்ள நகராட்சி, மாநகராட்சிகளோடு இணைக்கும் அறிவிப்பும் வந்தது. நூறு நாள் வேலை போய்விடும், வரி ஏறிவிடும் என்று மக்கள் சாலைக்கு வந்தார்கள். குடியரசு தின கிராம சபைகளில் எதிர்ப்புத் தீர்மானங்கள் நிறைவேறின. ஓர் ஊர், ஊராட்சியாக நீடிப்பதா இல்லையா என்பதைவிட அந்த ஊர்க்காரர்களைக் கேட்டு முடிவு செய்ய வேண்டிய விஷயம் வேறென்ன இருக்கிறது?

[பெட்டி] மேயரை யார் தேர்ந்தெடுப்பது?

1996: மக்களே நேரடியாக. சென்னையின் முதல் நேரடி மேயர் மு.க.ஸ்டாலின்.
2006: திமுக ஆட்சி. கவுன்சிலர்கள் தேர்ந்தெடுக்கும் மறைமுக முறை.
2011: அதிமுக ஆட்சி. மீண்டும் நேரடி. பத்து மாநகராட்சிகளும் அதிமுகவுக்கு.
2016: அதே அதிமுக, மறைமுகத்துக்கு மாறியது.
2018: அதே அதிமுக, மீண்டும் நேரடி.
2019: அவசரச் சட்டம் மூலம் மீண்டும் மறைமுகம்.
2022: 2019 மாற்றத்தை எதிர்த்த திமுக அதே முறையில் தேர்தல் நடத்தியது. 21 மாநகராட்சிகளும் திமுக கூட்டணிக்கு.

எந்த மாற்றத்துக்கு முன்பும் வாக்காளர்களிடம் கருத்துக் கேட்கப்படவில்லை.

மனுவை ஏன் எல்லாக் கட்சிகளும் விரும்புகின்றன?

கட்சிகள் மக்களைச் சந்திப்பதே இல்லை என்று சொல்ல முடியாது. ஜெயலலிதா ஆட்சியில் ‘அம்மா திட்டம்’ வந்தது. வருவாய்த் துறையினர் கிராமத்துக்கே போய் மனு வாங்கினார்கள். எடப்பாடி பழனிசாமி 1100 என்ற எண்ணில் முதல்வர் உதவி மையத்தைத் தொடங்கினார். 2021 தேர்தலுக்கு முன் ‘உங்கள் தொகுதியில் ஸ்டாலின்’ நிகழ்ச்சியில் பெட்டி பெட்டியாக மனுக்கள் சேர்ந்தன. ஆட்சிக்கு வந்தபின் ‘மக்களுடன் முதல்வர்’, 2025 ஜூலையில் ‘உங்களுடன் ஸ்டாலின்’ முகாம்கள். பட்டா மாறுதலுக்கு ஆறு மாதம் அலைந்தவருக்கு முகாமில் ஒரே நாளில் வேலை முடிந்தால் அது பெரிய நிம்மதி. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் இந்த ஏற்பாடுகள் எல்லாவற்றிலும் உட்கார்ந்திருப்பவர் ஒருவர், கைகூப்பி நிற்பவர் இன்னொருவர். மனு தனி ஆளின் குறை. பத்தாயிரம் பேர் பத்தாயிரம் மனு கொடுத்தாலும் அவை சேர்ந்து ஒரு முடிவாக ஆவதில்லை. தீர்த்து வைத்த தலைவரின் படம் சுவரொட்டிக்குப் போகிறது.

கிராம சபையின் கணக்கு வேறு. அங்கே வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள அத்தனை பேரும் உறுப்பினர்கள். ஊராட்சியின் திட்டத்துக்கும் வரவு செலவுக்கும் ஒப்புதல் தருவது, தணிக்கை அறிக்கையைப் பார்ப்பது, பணிகளைச் சரிபார்ப்பது அவர்களின் வேலை. நிறைவேறும் தீர்மானம் ஊரின் பெயரில் பதிவேட்டில் ஏறுகிறது. அதைத் தந்ததாக எந்தத் தலைவரும் பெருமை கொண்டாட முடியாது. கட்சிகளுக்கு மனு இனிக்கவும் தீர்மானம் கசக்கவும் காரணம் இதுதான்.

கிராம சபையை மேடையாக்குவதிலும் யாரும் யாருக்கும் சளைத்தவர்களில்லை. மக்கள் நீதி மய்யத்தைத் தொடங்கிய கமல்ஹாசன் 2018 முதல் அதை ஓயாமல் பேசி, அந்தச் சொல்லை நகரத்து இளைஞர்கள் காதில் போட்டார். அது நல்ல காரியம். 2019 ஜனவரியில் திமுக மாநிலம் முழுக்க ஊராட்சி சபைக் கூட்டங்கள் நடத்தியது. நாடாளுமன்றப் புதுக் கட்டட அடிக்கல் நாட்டு விழாவில், ஊர்ச் சபைத் தேர்தல் விதிகளைச் சொல்லும் உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பெருமையோடு நினைவுகூர்ந்தார் பிரதமர் மோடி. அந்த உத்திரமேரூர் இருக்கும் அதே காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் ஏகனாபுரமும் இருக்கிறது.

இரண்டு ஊர்கள், ஒரே சட்டம்

2024 நவம்பர் 7. மதுரை மாவட்டம் மேலூர் பகுதியில் சுமார் 2,015 ஹெக்டேரில் டங்ஸ்டன் எடுக்கும் உரிமை ஏலத்தில் இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனத்துக்குப் போனதாக அறிவித்தது ஒன்றிய அரசு. அதற்குள் அரிட்டாபட்டியும் வந்தது. சமணர் படுகைகளும் குடைவரைக் கோயிலும் கொண்ட, தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம். நவம்பர் 23 அன்று கூடிய கிராம சபைகளில் சுற்றுவட்டார ஊர்கள் ஒன்றன் பின் ஒன்றாக எதிர்ப்புத் தீர்மானம் போட்டன. டிசம்பர் 9-ல் சட்டமன்றமே தீர்மானம் நிறைவேற்றியது. ஜனவரி 7-ல் மேலூரிலிருந்து மதுரைக்குப் பெரும் பேரணி. ஜனவரி 23-ல் ஏலம் ரத்து. குடியரசு தினத்தன்று முதல்வர் அரிட்டாபட்டிக்கே வந்தார். ரத்தைப் பெற்றுத் தந்தது யார் என்று திமுக, அதிமுக, பாஜக மூன்றும் போட்டி போட்டன. வென்றது ஊர்களின் தீர்மானம். அது வென்றதில் எனக்கு அளவில்லாத மகிழ்ச்சி.

இப்போது ஏகனாபுரம். 2022 ஆகஸ்ட் மாதம் பரந்தூரில் சென்னையின் இரண்டாவது விமான நிலையம் வரும் என்று அறிவிக்கப்பட்டது. தேவைப்படும் நிலம் ஐயாயிரம் ஏக்கருக்கும் மேல். அதில் நெல் வயல்களும் ஏரிகளும் வீடுகளும் அடங்கும். அந்த ஆகஸ்ட் 15 கிராம சபையிலேயே ஏகனாபுரம் எதிர்ப்புத் தீர்மானம் போட்டது. அடுத்தடுத்த கிராம சபைகளிலும் திரும்பத் திரும்பப் போட்டது. அன்றாடம் வேலை முடிந்து வந்து இரவில் உட்கார்ந்து போராடினார்கள். 2024 நாடாளுமன்றத் தேர்தலில் ஊரே வாக்குச்சாவடிக்குப் போகவில்லை என்னும் அளவுக்குப் புறக்கணித்தார்கள். இதற்கிடையில் 2023 ஏப்ரலில், பெரிய திட்டங்களுக்காக நீர்நிலைகள் உள்ள நிலத்தையும் ஒருங்கிணைத்துக்கொள்ள வழிசெய்யும் சட்டம் சட்டமன்றத்தில் விவாதமின்றி நிறைவேறியது. 2025-ல் விமான நிலையத்துக்கு ஒன்றிய அரசின் கொள்கை அளவிலான ஒப்புதலும் கிடைத்தது.

விமான நிலையம் வேண்டுமா வேண்டாமா என்பதில் நியாயமான கருத்து வேறுபாடு இருக்கலாம். மீனம்பாக்கத்தின் நெரிசல் உண்மை. மாநிலத்தின் தேவை ஓர் ஊரின் விருப்பத்தோடு மோதும் இடங்கள் எப்போதும் வரும். என் கேள்வி அதுவல்ல. இரண்டு ஊர்களும் கூடியது ஒரே சட்டத்தின் கீழ். இரண்டும் எழுதியது ஒரே மாதிரிப் பதிவேட்டில். அரிட்டாபட்டியில் திட்டம் தில்லியுடையது, ஆகவே தீர்மானம் மாநில அரசுக்கு மக்கள் குரலாகக் கேட்டது. ஏகனாபுரத்தில் திட்டம் மாநில அரசே விரும்புவது, ஆகவே அதே குரல் முட்டுக்கட்டையாகக் கேட்டது. மறுக்கும் உரிமை அரசுக்கு இருக்கலாம். ஏன் மறுக்கிறோம் என்று அதே கிராம சபைக்கு வந்து, எழுத்தில் பதில் சொல்லும் கடமை எந்தக் கட்சிக்கும் இல்லாமல் போனது எப்படி?

இது திமுகவின் குணம் மட்டுமல்ல. 2018-ல் 277 கிலோமீட்டர் சென்னை - சேலம் எட்டு வழிச்சாலைக்கு நிலம் அளக்கப் போனபோது, எதிர்த்த விவசாயிகளைக் கைது செய்தது எடப்பாடி பழனிசாமி அரசு. அப்போது விவசாயிகள் பக்கம் நின்றது திமுக. ஆட்சிக்கு வந்தபின், 2022-ல், நாங்கள் சாலையையே எதிர்க்கவில்லை என்ற விளக்கம் திமுக அமைச்சர் எ.வ.வேலுவிடமிருந்து வந்தது. பரந்தூரில் போராடுபவர்களை 2025 ஜனவரியில் சந்தித்தார் தமிழக வெற்றிக் கழகத் தலைவர் விஜய். எதிர் வரிசையில் இருந்து வந்து நிற்கும் எல்லோரையும் போல அவரும் ஒரே அளவுகோலால்தான் அளக்கப்பட வேண்டும்: அதிகாரம் கைக்கு வரும் நாளில் ஊர்த் தீர்மானத்துக்கு என்ன மதிப்பு?

[பெட்டி] கிராம சபை: தெரிந்திருக்க வேண்டியவை

கூடும் நாட்கள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நான்காக இருந்தது 2022-ல் ஆறாக உயர்ந்தது.
கோரம் (கூட்டம் செல்லத் தேவையான குறைந்தபட்ச வருகை): மக்கள்தொகை 500 வரை 50 பேர், 501 முதல் 3,000 வரை 100 பேர், 3,001 முதல் 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர்.
உறுப்பினர்: ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் உள்ள அனைவரும்.

கையெழுத்துக்கு மட்டும் வரும் கூட்டம்

ஆண்டுக்கு ஆறு முறை என்று உயர்த்தியது பாராட்ட வேண்டிய முடிவு. ஆனாலும் பல ஊர்களில் கிராம சபை என்றால் என்ன நடக்கிறது? நூறு நாள் வேலைக்கு வரும் பெண்களைக் கூட்டி வந்து உட்கார வைக்கிறார்கள். கோரம் கணக்கு முடிந்ததும் பதிவேடு சுற்றுக்கு வருகிறது. பற்றாளராக வந்த அலுவலர் அரசு அனுப்பிய பொருட்களைப் படிக்கிறார். பாதி துறைத் திட்டங்களின் விளம்பரம். ஊர்க்காரர் எழுந்து டாஸ்மாக் கடையைப் பற்றியோ ஏரி மண்ணைப் பற்றியோ பேச ஆரம்பித்தால், இது இன்றைய பொருளில் இல்லை என்கிறார்கள். தீர்மானம் பிறகு எழுதப்படுகிறது. கையெழுத்து மட்டும் முன்பே வாங்கப்படுகிறது. வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்குவது வட்டிக்கடையில் குற்றம் என்றால் கிராம சபையிலும் குற்றமே.

பெண்களுக்கு 50 விழுக்காடு இடஒதுக்கீடு 2016-ல் சட்டமானது. பெண்கள் தலைவர்களாக வென்றார்கள். பல ஊர்களில் நாற்காலியில் உட்கார்ந்தது அவர்கள் வீட்டுக்காரர். கட்சிகளுக்கு இது தெரியாததல்ல. ஊராட்சித் தலைவர் தேர்தல் கட்சிச் சின்னம் இல்லாமல் நடந்தாலும், வேட்பாளர் யார் என்பது பெரும்பாலும் ஒன்றியச் செயலாளருக்குத் தெரிந்தே முடிவாகிறது. அந்தச் செயலாளர் மனம் வைத்தால் ஒரே நாளில் இதைத் திருத்த முடியும்.

நகரத்தின் நிலைமை இதைவிட மோசம். மூன்று லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள நகரங்களில் வார்டு குழு வேண்டும் என்றது 74-வது திருத்தம். சென்னையில் மண்டலக் குழுவையே வார்டு குழுவாகக் கணக்குக் காட்டினார்கள். 200 வார்டுக்கு 15 மண்டலம். தெருவுக்கு அருகில் வரும் ஏரியா சபைக்கான சட்டம் 2010-லேயே வந்தும், விதிகள் எழுத 2022 ஆனது. இடையில் இரண்டு கழகங்களும் ஆண்டன. அறப்போர் இயக்கம் போன்ற அமைப்புகள் விடாமல் கேட்டன. விதிகள் வந்தபோது ஒரு பெரிய ஓட்டை இருந்தது: ஏரியா சபைப் பிரதிநிதிகளை அந்தப் பகுதி மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை, மாமன்றம் நியமிக்கிறது. மாமன்றத்தில் பெரும்பான்மை யாருக்கோ அவர்கள் கைகாட்டுபவரே ‘மக்கள் பிரதிநிதி’. சென்னையில் 2022-ல் 153 வார்டுகளைத் திமுக மட்டுமே வென்றது. கவுன்சிலரைக் கேள்வி கேட்க வேண்டிய இடத்தில் கவுன்சிலரின் ஆட்களே உட்கார்ந்தால் கழிவுநீர்க் கால்வாயின் கணக்கை யார் கேட்பார்கள்?

அந்தத் தேர்தலில் சென்னையின் வாக்குப்பதிவு 44 விழுக்காட்டையும் எட்டவில்லை. 2019-ல் 27 மாவட்டக் கிராமங்களில் அது 76 விழுக்காட்டுக்கு மேல். நகரத்தான் சோம்பேறி என்று சொல்லி இதைக் கடந்துவிடக் கூடாது. தன் வாக்கால் ஏதாவது நகரும் என்று தெரிந்த இடத்தில் மக்கள் வரிசையில் நிற்கிறார்கள்.

பாப்பாபட்டி சொல்வது

கட்சிகளால் முடியாது என்பதில்லை. உசிலம்பட்டி பகுதியின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகியவையும், விருதுநகர் மாவட்டத்தின் கொட்டக்கச்சியேந்தலும் 1996-ல் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சிகள். ஆதிக்கச் சாதியினரின் எதிர்ப்பால் பத்தாண்டுகள் அங்கே ஊராட்சி மன்றம் அமையவில்லை. வேட்புமனு வராது, வந்தால் ஜெயித்தவர் உடனே ராஜினாமா செய்வார். தலித் ஒருவர் தலைவராக இருப்பதற்கு என்ன விலை என்பதை மேலவளவில் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்ட ஊராட்சித் தலைவர் முருகேசனின் ரத்தம் ஏற்கெனவே சொல்லியிருந்தது. அந்தப் பத்தாண்டுகளில் சாதி வாக்கை இழக்கப் பயந்து பெரிய கட்சிகள் ஒதுங்கி நின்றன. விடுதலைச் சிறுத்தைகளும் மார்க்சிஸ்ட் கட்சியும் விடாமல் குரல் கொடுத்தன.

2006-ல் கருணாநிதி அரசு உறுதியாக இறங்கியது. மதுரை ஆட்சியராக இருந்த த.உதயச்சந்திரன் ஊர் ஊராக உட்கார்ந்து பேசினார். அக்டோபரில் தேர்தல் நடந்தது. தலைவர்கள் பதவியில் நிலைத்தார்கள். பதினைந்து ஆண்டுகள் கழித்து, 2021 அக்டோபர் 2 அன்று, முதல்வர் ஸ்டாலின் கிராம சபைக்குத் தேர்ந்தெடுத்த ஊர் பாப்பாபட்டி. மனம் இருந்தால் மார்க்கம் உண்டு என்பதற்குத் திமுகவின் சொந்த வரலாறே சாட்சி.

பக்கத்து மாநிலமும் ஒரு பாடம். 1996-ல் கேரளத்தின் இடதுசாரி அரசு மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் உள்ளாட்சிகளிடம் கொடுத்துவிட்டு, திட்டம் போடும் வேலையையும் மக்களிடம் விட்டது. அங்கே கிராம சபை வார்டு அளவில் கூடுகிறது. அடுத்தடுத்து இரண்டு முறை கூட்டத் தவறும் உறுப்பினரின் பதவியே பறிபோகும். அங்கும் குறைகள் உண்டு. சலுகைப் பட்டியலில் பெயர் சேர்க்க மட்டும் வருகிறார்கள் என்ற புலம்பல் உண்டு. ஆனால் ஆட்சி மாறியபோதும் எந்தக் கூட்டணியும் அந்த அமைப்பைப் பிரித்துப் போடவில்லை. இங்கேயோ ஊராட்சித் தலைவரைப் பதவி நீக்க, ஊராட்சிகள் சட்டத்தின் 205-வது பிரிவின் கீழ் நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் கலெக்டர் கையில் இருக்கிறது.

சுயாட்சி எங்கே நின்றுவிடுகிறது?

தில்லியிடம் அதிகாரம் குவிவதை எதிர்த்து இந்தியாவுக்கே பாடம் சொன்ன மாநிலம் இது. 1969-ல் ராஜமன்னார் குழு. 2025 ஏப்ரலில் நீதிபதி குரியன் ஜோசப் தலைமையில் இன்னொரு குழு. மாநிலத்தை ஒன்றிய அரசு நகராட்சி போல நடத்துகிறது என்று நம் தலைவர்கள் பேசும்போது நானும் கைதட்டுகிறேன். நம் நிதியை நாமே தீர்மானிக்க வேண்டும் என்பது சரியான வாதம். அந்த வாதத்தின் ஒவ்வொரு வரியையும் ஓர் ஊராட்சித் தலைவர் கோட்டையைப் பார்த்து அப்படியே திருப்பிச் சொல்லலாம். ஆளுநர் மசோதாவைக் கிடப்பில் போடுவது தவறென்றால், கிராம சபைத் தீர்மானத்தைக் கலெக்டர் அலுவலகத்தில் கிடப்பில் போடுவதும் தவறு.

எந்தக் கட்சி ஓட்டுக் கேட்டு வந்தாலும் மூன்று விஷயங்களை எழுத்தில் கேளுங்கள். உள்ளாட்சித் தேர்தல் உரிய நாளில் நடக்குமா? கிராம சபைத் தீர்மானத்துக்கு இத்தனை நாளில் எழுத்துப் பதில் என்று சட்டம் வருமா? ஏரியா சபைப் பிரதிநிதியை அந்தத் தெரு மக்களே தேர்ந்தெடுக்க விதி மாறுமா?

அடுத்த கிராம சபை நாளில் விடுமுறை என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். போங்கள். வரவு செலவை வாசிக்கச் சொல்லுங்கள். தீர்மானத்தை உங்கள் கண் முன்னால் எழுதச் சொல்லி, படித்துப் பார்த்து, அதன் பிறகு கையெழுத்துப் போடுங்கள்.